பார்க்க மாட்டேன், பார்க்க முடியாது

'பார்க்க மாட்டேன்' என்று ஒருவர் சொல்வதற்கும் 'என்னால் பார்க்க முடியாது' என்று சொல்வதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தை நாம் போதிய அளவு யோசித்ததில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது ஒரு வாக்கு. கண் இருக்கிறது, பொருள் எதிரே கிடக்கிறது, இருந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்கிற தீர்மானம் அதில் இருக்கிறது. இரண்டாவதில் தீர்மானம் எதுவும் இல்லை. அது ஒரு நிலைமை மட்டுமே. நம் மரபு போற்றி வந்திருப்பது முதலாவதைத்தான். புலனடக்கம் என்றால் புலன் இருந்து அதை அடக்குவது. பூட்டிய பெட்டியைத் திறக்காதவனுக்கு யாரும் புகழ் பாடுவதில்லை. திறந்து கிடந்த பெட்டியைத் தொடாதவனுக்குத்தான் பாடுகிறோம்.

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில் வரும் கைஜஸின் மோதிரக் கதையும் இதே பக்கத்தில்தான் நிற்கிறது. மோதிரத்தைத் திருப்பினால் அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். அப்படியொரு மோதிரம் கிடைத்த பிறகும் ஒருவன் நியாயமாக நடப்பானா என்பது கேள்வி. ஒழுக்கத்தைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் சக்தியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடியில் ஓடும் அனுமானம். சக்தியே இல்லாதவனைப் பற்றி பிளேட்டோவுக்கு அக்கறை இல்லை.

இந்தப் பழைய பிரச்னையை நான் இப்போது எடுத்துக்கொள்ளக் காரணம் மிகச் சாதாரணமான ஒரு உபகரணம். பிடிஎஃப் கோப்புகளை ஒன்று சேர்க்க, பிரிக்க, அளவைக் குறைக்க, தலைகீழான பக்கத்தை நிமிர்த்த, கையெழுத்தை ஒட்ட, இணையத்தில் இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும்: நடுவில் ஒரு கட்டம், 'உங்கள் கோப்பை இங்கே இடுங்கள்' என்று ஒரு வரி. ஆனால் இவற்றில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் நம் கோப்பு எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கே வேலை முடிந்து திரும்பி வருகிறது. குறிப்பிட்ட நேரத்தில் அங்கிருக்கும் பிரதியை அழித்துவிடுவோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். மற்றதில் கோப்பு எங்கேயும் போவதில்லை. பக்கத்தோடு சேர்ந்து ஒரு நிரல் நம்மிடம் வருகிறது. அது நம் பிரவுசருக்குள், நம் யந்திரத்தின் நினைவகத்திலேயே வேலையைச் செய்து முடிக்கிறது. முன்னது 'பார்க்க மாட்டேன்' என்கிறது. பின்னது 'பார்க்க முடியாது' என்கிறது.

இரண்டாவது ஜாதி சமீபத்தில்தான் சாத்தியமாயிற்று. அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக் 1991இல் 'கேம்லாட்' என்ற பெயரில் எழுதிய ஒரு சிறு குறிப்பில், எந்த யந்திரத்தில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் ஒரே மாதிரி தெரியக்கூடிய ஒரு ஆவணத்தைக் கற்பனை செய்தார். 1993இல் அது பிடிஎஃப் ஆக வெளிவந்தது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பொதுத்தரமாகி, ஒரு நிறுவனத்தின் பிடியிலிருந்து விலகியது. 2011இல் மோஸில்லா பிரவுசருக்குள்ளேயே பிடிஎஃபைத் திறந்து காட்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கி, 2013இல் ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்தது. சி போன்ற மொழிகளில் எழுதப்பட்ட கனமான நிரல்களைப் பிரவுசருக்குள் வேகமாக ஓட்ட வழி செய்யும் வெப்அசெம்பிளி 2019இல் தரமாக ஏற்கப்பட்டது. இப்படிப் பல படிகள் கடந்துதான், விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோ பிறருடைய சர்வரோ இல்லாமல், ஒரு வெறும் பக்கம் இந்த வேலைகளைச் செய்ய முடிந்தது.

*

'என் காகிதத்தைப் பார்த்து யார் என்ன செய்யப்போகிறார்கள்? மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது?' என்று ஒரு நண்பர் கேட்டார். இந்தக் கேள்வியில் பணிவு இருப்பது போலத் தெரிகிறது. நான் யோசித்துப் பார்த்த வரையில் இதில் ஒரு பெரிய சுதந்திரத்தை எடுத்துக்கொள்வது இருக்கிறது. காகிதம் தன்னுடையது, ஆகவே அதில் இருப்பதெல்லாம் தன்னுடையது என்கிற நினைப்பு.

நாம் பிடிஎஃப் கருவியைத் தேடிப் போகும் சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு விண்ணப்பப் பக்கம் இத்தனை கேபிக்கு மிகாத கோப்பாக இருக்கவேண்டும் என்கிறது. கையில் இருப்பதோ கைபேசியில் எடுத்த, பத்து மடங்கு பெரிய படம். அந்த அவசரத்தில் தேடலில் முதலில் வரும் பக்கத்துக்குப் போகிறோம். அங்கே நாம் போடுவது என்ன? தாய்ப்பத்திரம், அதில் விற்றவர், வாங்கியவர், சாட்சிகள் எல்லோருடைய பெயரும் தகப்பன் பெயரும் முகவரியும். வாரிசுச் சான்றிதழ், அதில் உடன்பிறந்தவர்களின் வயதும் மண நிலையும். மருத்துவமனையின் பரிசோதனை முடிவு; பல சமயம் அது நம்முடையது அல்ல, அம்மாவுடையது. ஒரு குடும்பத்தின் ஆவணக் கட்டில், வைத்திருப்பவரைப் பற்றி மட்டுமே பேசும் காகிதம் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. ஆவணம் என்பதே இருவருக்கிடையில், அல்லது ஒருவருக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடந்த ஒன்றுக்கு அத்தாட்சி.

மறைந்த ஒரு எழுத்தாள நண்பரின் கடிதக்கட்டு, படமெடுக்கப்பட்ட கோப்புகளாக, அண்மையில் என்னிடம் வந்தது. அவர் எழுதியவை குறைவு. அவருக்கு வந்தவைதான் அதிகம். எல்லாவற்றையும் வருஷ வரிசையில் ஒரே கோப்பாக்கி, அளவைக் குறைத்து, வெளியிட வேண்டாத பக்கங்களை நீக்கித் தொகுப்பாளருக்கு அனுப்பித் தரும்படி அவர் குடும்பத்தார் கேட்டார்கள். ஒருவர் தன் கடனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் தன் மகனுடைய மனநோயைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பெண் தன் மணவாழ்க்கையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, படித்ததும் கிழித்துவிடவும் என்று முடித்திருக்கிறார். நண்பர் கிழிக்கவில்லை. இவர்களில் சிலர் இப்போதும் இருக்கிறார்கள். யாரும் என்னிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய ரகசியம், அவர்களுக்குத் தெரியாமலே, என் மேசைக்கு வந்துவிட்டது.

கடிதம் யாருடையது என்ற கேள்வி 1741இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் எழுந்தது. கவிஞர் அலெக்ஸாண்டர் போப் தன் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட பதிப்பாளர் மீது தொடுத்த வழக்கு. காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், அதில் உள்ள வார்த்தைகளை அச்சிடும் உரிமை எழுதியவருக்கே சொந்தம் என்று லார்ட் ஹார்ட்விக் பிரித்துச் சொன்னார். அந்தப் பிரிவினையை நான் இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போக விரும்புகிறேன். காகிதம் ஒருவருக்கு, வார்த்தை இன்னொருவருக்கு, அந்த வார்த்தைகளில் பேசப்படும் வாழ்க்கை மூன்றாமவருக்கு. மனநோயுற்ற அந்த மகன் கடிதத்தை எழுதவும் இல்லை, பெறவும் இல்லை.

ஆகவே 'மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது' என்பது நான் சொல்லக்கூடிய பதில் அல்ல. என் அந்தரங்கத்தை நான் தெருவில் போடலாம். அது என் இஷ்டம். பிறருடையதைக் காட்டுவது தாராள குணம் ஆகாது. அந்தரங்கம் பற்றிய நம் பேச்சு முழுவதும் 'என்னுடையது', 'என் உரிமை' என்றே போய்க்கொண்டிருப்பதால் இந்தப் பக்கம் நம் பிரக்ஞைக்கு வருவதே இல்லை. 2017இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரண்டும் வேண்டியவை. ஆனால் ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ பிறருடைய தகவலைக் கையாள்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது. என் மேசை மேல் இருக்கும் கடிதக்கட்டுக்கும் எனக்கும் இடையே சட்டத்தின் பெரும்பகுதி விலகிக்கொள்கிறது. மிஞ்சுவது என் நடத்தை.

தமிழில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அகத்திணையில் தலைமக்கள் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் வந்தால் அது புறமாகிவிடும். இதைக் கவிதையியலின் ஒரு நுட்பம் என்று மட்டுமே படித்து வந்திருக்கிறோம். அதை ஒரு அறமாகவும் படிக்க முடியும்: இருவருக்கிடையே நடந்ததைப் பற்றிப் பேசலாம், எவ்வளவு ஆழமாக வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் அது இன்னாருடையது என்று தடம் காட்டக்கூடாது. பிடிஎஃபோ இதற்கு நேர் எதிரான ஸ்வபாவம் உடையது. நாம் கேட்காமலே, தயாரித்தவர் பெயர், எந்த நாள், எந்த மணி, எந்த மென்பொருள் என்பதையெல்லாம் அது தனக்குள் குறித்து வைத்துக்கொள்கிறது. பக்கத்தில் தெரிவது அகம். கோப்பின் வயிற்றில் இருப்பது புறம்.

*

இனி இரண்டு ஜாதிக் கருவிகளுக்கும் திரும்பலாம். 'பார்க்க மாட்டேன்' என்று வாக்களிக்கும் சர்வர்க்காரர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் சொன்னபடியே கோப்பை அழித்துவிடவும் செய்வார்கள். என் ஆட்சேபம் வேறு. வாக்கு கொடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து கடிதமும் மணியார்டரும் எழுதிக் கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள். எழுதத் தெரியாத ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்கு ஊரின் பாதி ரகசியம் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது ஊருக்கும் தெரியும். அவருக்கு முகம் உண்டு, குடும்பம் உண்டு, வெளியே சொன்னால் மறுநாள் அந்த இடத்தில் உட்கார முடியாது என்கிற நிர்ப்பந்தம் உண்டு. 'மாட்டேன்' என்ற வார்த்தைக்கு அங்கே பின்பலம் இருந்தது.

ஒரு ஸ்தாபனம் 'மாட்டேன்' என்று சொல்லும்போது அந்த வினையின் எழுவாய் யார்? இன்றைக்கு அதை நடத்துபவர் நாளைக்கு விற்றுவிடலாம். வாங்கியவர் அந்த வாக்கைக் கொடுத்தவர் அல்ல. நீதிமன்ற உத்தரவு வந்தால் கையில் இருப்பதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஊழியர் ஒருவர் மனது மாறலாம், திருடன் புகலாம். இதில் எதிலும் யாரும் வாக்குத் தவறவில்லை, இருந்தும் வாக்கு காப்பாற்றப்படவில்லை. மனச்சாட்சி உள்ள மனிதரிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியதை அது இல்லாத ஒரு அமைப்பிடமிருந்து எதிர்பார்ப்பது மரியாதை போலத் தோன்றினாலும், உண்மையில் ஒருவித மூடநம்பிக்கைதான். மனிதர்களுக்கிடையே 'மாட்டேன்' என்பதே உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்தாபனங்களிடம் நாம் கேட்க வேண்டியது 'முடியாது' என்பதை.

இலவசம் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதைச் சந்தேகிப்பது நல்ல பழக்கம். 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம், கோப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லும் இலவசப் பக்கங்கள் சில, மாற்றிய கோப்போடு நச்சு நிரலையும் சேர்த்தனுப்புவதாகவும், கொடுத்த கோப்பிலிருந்து விவரங்களைச் சுரண்டுவதாகவும் எச்சரித்தது. ஆனால் எல்லா இலவசத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சர்வரில் வேலை செய்தால் ஒவ்வொரு கோப்புக்கும் மின்சாரம், இடம், யந்திரம் எல்லாம் கொடுப்பவர் செலவு. அதை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். பிரவுசருக்குள்ளேயே வேலை நடந்தால் உழைப்பது என் யந்திரம். கொடுப்பவர் செலவு ஒரு பக்கத்தை அனுப்பி வைப்பதோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் அவரும் பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களை எடுத்துத்தான் கட்டியிருப்பார். சிறிய கொடை என்பதாலேயே அதை நம்ப முடிகிறது. பக்கத்து வீட்டிலிருந்து சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நம் வீட்டில் ஆணி அடிப்பது போல. ஆணி அடிக்க வேண்டிய சுவரைப் பெயர்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகு என் தர்க்கத்தின் மெலிந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். 'பார்க்க முடியாது' என்பதும் கடைசியில் யாரோ சொல்லும் ஒரு வாக்கியம்தான். அது நிலைமை என்று மேலே சொன்னேன். அந்த நிலைமை உண்மையா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவை பக்கத்தைத் திறக்கும்போதும் நிரல் புதிதாக வந்து சேரலாம். இன்று கண் இல்லாதது நாளைக்குக் கண்ணோடு வரலாம். கட்டம் அதே கட்டமாக, வரி அதே வரியாக இருக்கும்.

இதற்கு ஒரு முரட்டுச் சோதனை உண்டு. பக்கம் முழுவதும் வந்து சேர்ந்ததும் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கோப்பை இட்டு, வேலை நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடந்தால், அந்த வேலைக்கு வெளியார் தேவையில்லை என்பது பிரத்யட்சம். முடிந்ததும் கோப்பைச் சேமித்துக்கொண்டு பக்கத்தை மூடிவிட்டு, அதன் பிறகே தொடர்பைத் திரும்பக் கொடுக்கலாம். மிகவும் எச்சரிக்கையானவர்கள் பிரவுசரின் தனிச் சாளரத்தில் இதைச் செய்து, முடிந்ததும் அதையும் மூடிவிடலாம். பிரவுசரிலேயே என்ன போகிறது, என்ன வருகிறது என்று காட்டும் ஒரு பகுதியும் உண்டு; படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் பார்க்கலாம். மூலநிரல் வெளியிடப்பட்டிருந்தால் அதை வாசிக்கலாம். நான் வாசிப்பதில்லை; எனக்குத் தெரியாது. யாரோ சிலர் வாசிக்கிறார்கள், ஏதாவது இருந்தால் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

ஆக, நம்பிக்கை இல்லாமல் போய்விடவில்லை; அது இடம் மாறியிருக்கிறது. ஒரு ஸ்தாபனத்தின் குணத்தின் மேல் இருந்தது, கவனமாக வாசிக்கும் ஒரு சிலரின் மேல் வந்திருக்கிறது. இது எனக்குப் பரிச்சயமான ஏற்பாடுதான். ஒரு மொழியில் எழுதப்படுவதையெல்லாம் எல்லோரும் உன்னித்துப் படிப்பதில்லை. நூறு பேர், இருநூறு பேர் படிக்கிறார்கள். போலியைப் போலி என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்கிற பயத்தில் மற்றது ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. அந்த நூறு பேர் தூங்கிவிட்டால் எல்லாம் போயிற்று. சோதித்துப் பார்க்கக்கூடியது என்பதும் யாராவது சோதிக்கும் வரையில்தான் பெறுமானம் உள்ளது.

கருவி எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் நம் கையே காட்டிக்கொடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெளியிட வேண்டாத வரிகளின் மேல் கறுப்புக் கட்டம் போடுவது. காகிதத்தில் மை தடவினால் எழுத்து போயிற்று. பிடிஎஃபில் கறுப்புக் கட்டம் இன்னொரு சித்திரம், அவ்வளவுதான். அடியில் எழுத்து அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மேனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில் கறுப்படிக்கப்பட்ட பகுதிகளைப் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்டினார்கள்; தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களை அவர் ஒரு கூட்டாளியிடம் பகிர்ந்துகொண்டதாக அரசுத்தரப்பு சொல்வது வெளியே வந்தது. பெரிய வழக்கு, தேர்ந்த வழக்கறிஞர்கள். (நம் பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்களில் இந்த அபாயம் சற்றுக் குறைவு, நகலெடுத்தால் பார்த்த மாத்திரத்தில் புரியாத குறிகள்தான் வரும். நம் குழப்பம் நமக்குச் செய்த ஒரே உபகாரம்.)

இன்னொன்றும் உண்டு. பிடிஎஃபைத் திறக்கும் நிரல் அதைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்குகிறது. எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை அங்கேதான் இருக்கிறது. திருத்தினால், பழையதைத் தொடாமல் புதியதையும் அதற்கான புதிய அட்டவணையையும் கடைசியில் சேர்க்கும் வழக்கமும் அந்த வடிவத்தில் உண்டு. அப்படிச் சேமித்த கோப்பில் நீக்கிய பக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும். மறைப்பது வேறு, இல்லாமல் செய்வது வேறு என்பதை இவ்வளவு ஸ்தூலமாக வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணின் நான்கு பக்கங்களை நான் கறுப்படிக்கவில்லை. அவற்றை விட்டுவிட்டு மற்றப் பக்கங்களை மட்டும் எடுத்து, ஒரு புதிய கோப்பைத் தொடர்பைத் துண்டித்த பிரவுசரில் கட்டினேன். கட்டிய கோப்பைத் திறந்து, அதில் பதிந்திருந்த பெயரையும் தேதியையும் நீக்கினேன். நான்கு பக்கமும் தனியே என்னிடம் இருந்தன. கிழித்துவிடவும் என்று எழுதியவருக்கு அவர் கேட்டது கிடைக்கவே இல்லை. நண்பருக்குக் கிழிக்க மனம் வரவில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு அவற்றை அழித்தேன். இலக்கிய வரலாற்றுக்கு இழப்பு என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கலாம். வரலாற்றிடம் யாரும் எதையும் கிழித்துவிடும்படி கேட்டதில்லை. அவர் ஒரு மனிதரிடம் கேட்டார்.

யந்திரத்தால் பார்க்க முடியாது என்கிற ஏற்பாட்டை நாம் கேட்டு வாங்க வேண்டும். பணம் கொடுத்தோ கொடுக்காமலோ, சோதித்து வாங்க வேண்டும். ஆனால் அது என் ஒருவனை அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விட்டுவிடுகிறது. எல்லாத் தொடர்பையும் துண்டித்த அறையிலும், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் பார்க்க முடியும். என்னைப் பொறுத்தவரை பழைய வார்த்தையைத் தவிர வேறு காப்பு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.